எண்பத்து நான்காவது நாள்

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு அந்தப் பெண் மாடி ஏறி வந்து நின்றபோதே சல்லடைக்குப் பொறி தட்டிவிட்டது. இது சரியில்லை. எது சரியில்லை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் முப்பது வருடமாகப் பெண்களின் முகத்தைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவளுக்குத் தனியாகக் காரணம் வேறு வேண்டுமா என்ன?

சல்லடை என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. கிளினிக்கின் நர்ஸ் பெண் வைத்தது. டாக்டரம்மாவின் அறைக்கு வெளியே மேசை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களைக் கேள்வி கேட்டுச் சலித்து, தவிட்டைத் தள்ளிவிட்டு மாவை மட்டும் உள்ளே அனுப்புவாள் என்பதால் அந்தப் பட்டம். விஷயம் அவள் காதுக்கும் எட்டியது. கோபம் வரவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

இவ்வளவு சலிப்பதற்குக் காரணம் இருந்தது. கருக்கலைப்புக்கு அரசாங்கம் உரிமம் கொடுத்த இடங்கள் அந்த நகரத்தில் மொத்தமே மூன்று. ஒன்றை இழுத்து மூடிவிட்டார்கள். இன்னொன்று பெரியாஸ்பத்திரி, அங்கே போனால் சட்டத்தில் இருக்கிறதோ இல்லையோ, புருஷனைக் கூட்டி வா என்று துரத்துவார்கள். மிச்சம் இருந்தது இது ஒன்றுதான். கீழே மருந்துக்கடை, முதல் மாடியில் போட்டோ ஸ்டூடியோ, இரண்டாவது மாடியில் டாக்டரம்மாவின் கிளினிக்.

சட்டத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு குழம்பக் கூடாது. பன்னிரண்டு வாரம், அதாவது எண்பத்து நான்கு நாள் வரை, பெண்ணின் கையெழுத்து மட்டும் போதும். ஏன் என்றுகூடக் கேட்கக் கூடாது. எண்பத்தைந்தாவது நாள் ஆகிவிட்டால் புருஷன் கையெழுத்து, மூன்று டாக்டர்கள் கொண்ட குழு, ஏகப்பட்ட கெடுபிடி. நாளை எண்ணுவது கடைசி மாதவிலக்கு தொடங்கிய தேதியிலிருந்து. அவள் வாயால் சொல்லும் தேதி ஒன்று, ஸ்கேன் காட்டும் கணக்கு ஒன்று. இரண்டில் எது அதிகமோ அதுதான் செல்லும். தேதியைக் கேட்டுப் பதிவேட்டில் எழுதுவது சல்லடையின் வேலை.

"கடைசியா பீரியட் என்னிக்கும்மா வந்துச்சு?" என்று கேட்டாள்.

"பதினேழாம் தேதி. சனிக்கிழமை. காலைல ஏழே முக்கால்" என்றாள் அந்தப் பெண்.

சல்லடையின் பேனா அப்படியே நின்றது. ஏழே முக்காலா? ரயில் வண்டியா வந்தது, நேரம் சொல்ல? இந்தக் கேள்விக்கு எந்தப் பெண்ணும் இப்படிப் பதில் சொன்னதே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பார்கள். விரல் விட்டு எண்ணுவார்கள். "மாமாவுக்கு ஆபரேஷன் ஆச்சே, அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி" என்பார்கள். "பெரியவனுக்குப் பரிட்சை முடிஞ்ச வாரம்" என்பார்கள். ஒருத்தி, "குழாய் உடைஞ்சு வீடெல்லாம் தண்ணி நின்னுச்சே, அன்னிக்கு" என்று சொல்லிவிட்டு, சல்லடைக்கும் அந்த நாள் தெரிந்திருக்க வேண்டும் என்பதுபோலப் பார்த்தாள். அதுதான் நிஜம். நிஜத்துக்கு எப்போதும் கொஞ்சம் பிசிறு இருக்கும். பாடம் பண்ணிக்கொண்டு வருகிறவர்களிடம்தான் பிசிறு இருக்காது.

சல்லடை அவளை மேலும் கீழும் பார்த்தாள். முப்பது வயது இருக்கலாம். அழவில்லை. கையில் ஒரு பை, அதுவும் உள்ளே இருப்பது அத்தனையும் வெளியே தெரிகிற கண்ணாடிப் பை. டிபன் டப்பா, தண்ணீர் பாட்டில், சீப்பு, போன். எந்தப் பெண்ணாவது தன் பையை ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டு நடப்பாளா? என்னிடம் ஒளிக்க ஒன்றுமில்லை, பார்த்துக்கொள் என்று சொல்வதற்கென்றே வாங்கிய பை. யாரோ சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

மனசுக்குள் விறுவிறுவென்று எண்ணினாள். இன்றைக்கு எண்பது நாள். ஆகா. எல்லைக்கு நாலே நாள் இருக்கிறாற்போல, அளவெடுத்துத் தைத்த தேதி.

சந்தேகப் பிராணி என்று சல்லடையை வைய வேண்டாம். அவள் சூடு பட்டவள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருத்தி வந்தாள். மூக்கைச் சிந்திச் சிந்தி மேசை மேலிருந்த காகிதத்தையெல்லாம் நனைத்தாள். தேதி சரியாகத் தெரியவில்லை, நாள் தாண்டியிருக்குமோ என்று பயமாக இருக்கிறது என்றாள். மனசு கேட்காமல் சல்லடை அவள் தோளைத் தட்டி, "ஒரு வாரம் முன்னப்பின்ன இருந்தா பாத்துக்கலாம்மா, அழாதே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அந்த வார்த்தை சுகாதார இலாகாவின் விசாரணை அறையில் ஒலிபெருக்கியில் மூன்று தடவை போடப்பட்டது. வந்தவள் நிஜமாகவே கர்ப்பிணி. வேறு ஏதோ வழக்கில் மாட்டியவளை மடக்கி, கைப்பையில் பேச்சைப் பதிவு பண்ணுகிற போனை வைத்து அனுப்பியிருந்தார்கள். கிளினிக்கை ஐந்து மாதம் பூட்டி வைத்தார்கள். அறுபத்தெட்டு வயது டாக்டரம்மா, திருடியைப்போல ஒரு மர நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து பதில் சொன்னதைச் சல்லடை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா அதைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் தேவலை.

அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாள்.

"டாக்டர் ஊர்ல இல்லம்மா. திங்கக்கிழமைதான் வருவாங்க" என்றாள், வாய் கூசாமல். டாக்டரம்மா பத்தடி தூரத்தில் கதவுக்குப் பின்னால் யாருக்கோ ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடிப் பைக்காரியின் முகம் மாறவில்லை. "திங்கக்கிழமைன்னா எண்பத்தாறு நாள் ஆயிடும்" என்றாள்.

பார்த்தீர்களா, சட்டமும் தெரிந்திருக்கிறது. வருகிறவர்களில் பாதிப்பேருக்குத் தன் ரத்த வகை தெரியாது. இவளுக்குச் சட்டம் தெரிகிறது.

"அதுக்கு நான் என்னம்மா பண்ண? டாக்டர் இல்லாம நானா பார்க்க முடியும்?"

"அப்படின்னா, இன்னிக்கு வந்தேன், டாக்டர் இல்லன்னு ஒரு சீட்டு எழுதித் தருவீங்களா? தேதி போட்டு?"

எழுத்தில் கேட்கிறாள். ஆதாரம் சேர்க்கிறாள். "சீட்டெல்லாம் தர்ற வழக்கம் இல்ல" என்று சொல்லிவிட்டு, சல்லடை அவள் பெயர் எழுதிய துண்டுக் காகிதத்தை மேசைக்கடியில் நாலாகக் கிழித்தாள். பதிவேட்டில் ஏற்றவில்லை. ஏற்றினால்தானே வம்பு.

அந்தப் பெண் கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மாடி இறங்கிப் போனாள்.

"அக்கா, பாவமா இருந்தாங்களே" என்றாள் நர்ஸ் பெண்.

"பாவம் பார்த்துத்தான் போன தடவ அஞ்சு மாசம் உனக்குச் சம்பளம் இல்லாம போச்சு. போய் வேலையைப் பாரு."

சல்லடை அன்று முழுக்க நல்ல உற்சாகத்தில் இருந்தாள். வலையோடு வந்தவளை வெறுங்கையோடு திருப்பி அனுப்பிய சந்தோஷம்.

இந்த வேலை பாவமா புண்ணியமா என்று சல்லடையைக் கேட்காதவர்கள் இல்லை. முதல் ஆள் அவளுடைய நாத்தனார். எங்கே வேலை என்று தெரிந்த அன்றே பேச்சை நிறுத்திவிட்டாள். "கொலைகாரக் கூட்டத்துக்குக் கதவு திறந்துவிடற கை, என் வீட்டுச் சாப்பாட்டைத் தொட வேண்டாம்" என்று ஆள்விட்டுச் சொன்னாள். அதற்குப் பிறகு மற்ற சொந்தக்காரர்களிடம் சல்லடை, பல் டாக்டரிடம் வேலை பார்ப்பதாகச் சொல்லிவைத்தாள். அதிலும் நிம்மதி இல்லை. கல்யாணம் காட்சி என்று போனால் ஆளாளுக்கு வாயைத் திறந்து கடைவாய்ப் பல்லைக் காட்டினார்கள்.

அவளுக்கே சில நாள் உறுத்தும். உள்ளே போகிறது ஒன்று, வெளியே வரும்போது இல்லை. அது ஒன்றுமேயில்லை என்று சொல்ல அவளுக்கு நாக்கு வராது. ஆனால் அவள் இருபத்துமூன்று வயதில் பெரியாஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்தவள். சட்டம் மாறாத காலம் அது. பின்கட்டில் எண் போடாத ஒரு வார்டு இருந்தது. கண்ட வேரையும் பொடியையும் தின்றுவிட்டு, கண்ட கம்பியைக் கண்டவர் கையில் கொடுத்துவிட்டு வந்த பெண்களை அங்கேதான் போடுவார்கள். ஒருத்தியும் நிஜப் பெயரைச் சொல்ல மாட்டாள். சொன்னால் பிழைத்த பிறகு ஜெயில். அதனால் செத்தவர்களைத் தேடி யாரும் வரவும் முடியாது. ஒரே வாரத்தில் நாலு பேரைத் துடைத்து மூடியிருக்கிறாள் சல்லடை. அப்போது அந்த வார்டில் சின்ன டாக்டராக இருந்தவள்தான் இன்றைய டாக்டரம்மா. அதனால் யாராவது பாவத்தைப் பற்றிப் பேசினால் சல்லடை ஒன்றுதான் சொல்வாள். "இங்க நடக்கறது பாவமான்னு எனக்குச் சரியாத் தெரியாது. அங்க நடந்தது பாவம்னு நல்லாத் தெரியும்."

வியாழக்கிழமை மத்தியானம் ஒரு போன் வந்தது.

"செவ்வாய்க்கிழமை வந்தேனே. டாக்டர் வந்துட்டாங்களா?"

குரலுக்குப் பின்னால் தடதடவென்று ஓயாமல் ஒரு சத்தம். வண்டியின் இன்ஜின் என்று சல்லடை முடிவு கட்டினாள். வண்டிக்குள் நாலு பேர் காதில் மாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

"திங்கக்கிழமைன்னு சொன்னேன்ல."

"திங்கக்கிழமை ஆனா என் வீட்டுக்காரர் கையெழுத்து கேப்பீங்க. அவர் போட மாட்டார். விஷயம் தெரிஞ்சா என்னை வாசப்படி தாண்டவும் விட மாட்டார். வேற யார்கிட்ட போறதுன்னாவது சொல்லுங்க."

இதுதான் கண்ணி. வேறொரு பெயரைச் சொன்னால், உரிமம் இல்லாத ஆளிடம் அனுப்பினாள் என்று அதற்கு ஒரு வழக்கு. சல்லடை போனை வைத்துவிட்டாள். வைத்த பிறகு காதுக்குள் அந்தத் தடதட சத்தம் கொஞ்ச நேரம் இருந்தது. நல்லவேளை, தப்பித்தோம் என்று தண்ணீர் குடித்தாள்.

சனிக்கிழமை பகல் ஒரு மணிக்கு இன்னொருத்தி வந்தாள். இவள் கலைக்க வந்தவள் இல்லை. இரண்டாவது பிள்ளைக்கு நாலாவது மாதம், இடுப்பு வலிக்கிறது என்று காட்ட வந்தாள். தைத்த சட்டையில் பொத்தான் துளை போடுகிற காஜா மிஷின் ஓட்டுகிறவளாம். கலகலவென்று பேசினாள். கையில் ஒரு கண்ணாடிப் பை.

சல்லடையின் கண் அந்தப் பையிலேயே நின்றது.

"இது என்ன பை?"

"இதா? கம்பெனி கொடுத்ததுக்கா. துணி, நூல் எதையும் சுருட்டிட்டுப் போயிடக் கூடாதுன்னு எல்லாருக்கும் இதே பைதான். கேட்டுல செக்யூரிட்டி பார்ப்பான். எங்க மானம் மரியாதையெல்லாம் இதுக்குள்ள ஆடிட்டே போகும்" என்று சிரித்தாள்.

"கடைசியா பீரியட் என்னிக்கு வந்துச்சு?" சல்லடைக்கே தன் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

"மூணாம் தேதி, சனிக்கிழமை, மத்தியானம் ரெண்டே கால்."

பேனா கீழே விழுந்தது. காஜாக்காரி குனிந்து எடுத்துக் கொடுத்தாள்.

"நேரம் எப்படிம்மா தெரியும்?"

"நோட்டு இருக்கே. பாத்ரூம் போக ஷிப்டுக்கு ரெண்டு டோக்கன்தான். அந்த நாள்ல மட்டும் கூட ரெண்டு தருவாங்க. அதுக்கு சூப்பர்வைசர்கிட்ட சொல்லி, தேதியும் நேரமும் எழுதி, கையெழுத்துப் போடணும். அடுத்த மாசம் முன்னாடியே வந்துட்டா, ஏன் சீக்கிரம்னு கேப்பான். எங்களுக்கெல்லாம் மனப்பாடம்க்கா. புருஷன் பொறந்த நாள் மறந்தாலும் இது மறக்காது."

"லீவு போடணும்னா?"

"அப்பா சாமி, அது பெரிய கதை. டாக்டரைப் பார்த்தேன்னு சீட்டு வேணும். சீட்டு இல்லன்னா அடுத்த ஆறு நாள் லீவும் கிடையாது, ஷிப்ட் முடியாம கேட்டைத் தாண்டவும் விட மாட்டாங்க."

ஏழே முக்கால். சீட்டு. போனில் கேட்ட தடதட. இன்ஜின் இல்லை அது, நூறு தையல் மிஷின். ஆறு நாள் ஷிப்ட் நடுவில் வெளியே விடாத இடத்திலிருந்து ஒருத்தி எப்படியோ ஒரு நிமிஷம் போன் பேசியிருக்கிறாள், அதையும் வைத்துவிட்டோம்.

சல்லடை விரல் விட்டு எண்ணினாள். இன்றைக்கு எண்பத்து நாலு.

உடனே இன்னொரு குரலும் உள்ளிருந்து வந்தது. இருக்கட்டும், தையல் கம்பெனிக்காரியாகவே இருக்கட்டும். போன தடவை வந்தவளும் நிஜமான கர்ப்பிணிதானே? இவளையும் மடக்கி அனுப்பியிருந்தால்? சல்லடை அந்தக் குரலோடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்டினாள். பிறகு எழுந்து, கதவைத் தட்டாமலே உள்ளே போனாள்.

டாக்டரம்மா முழுவதையும் கேட்டாள். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"செவ்வாய்க்கிழமை நான் இங்கதானே இருந்தேன்?"

"இருந்தீங்கம்மா."

"என்னைக் கேக்கணும்னு தோணலையா உனக்கு?"

"உங்களுக்குத் திரும்பவும் அந்த மாதிரி ஆயிடக் கூடாதுன்னுதான்..."

"எனக்காகப் பண்ணேன்னு சொல்லாதே. நீ பயந்தே. பயந்தது தப்பில்ல, நானும்தான் தினம் பயந்துக்கிட்டே கதவைத் திறக்கறேன். ஆனா யாரை உள்ள விடறதுன்னு பயமே முடிவு பண்ணா, இந்தக் கிளினிக்கை இலாகா வந்து மூட வேண்டியதில்ல. நாமளே மூடிட்டோம்." டாக்டரம்மாவின் குரல் உயரவேயில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "ஆறு மணி வரைக்கும் பதிவு திறந்திருக்கும். நான் இங்கேயே இருக்கேன். நீ போய்ப் பாரு."

விஷயம் இதுதான்: அன்றன்றைய பதிவை மாலை ஆறு மணிக்கு இலாகாவின் கணினி தானாகவே பூட்டிவிடும். ஐந்து ஐம்பத்தொன்பது என்றால் எண்பத்து நாலாவது நாள். ஆறு ஒன்று என்றால் புருஷன் கையெழுத்து.

சனிக்கிழமை ஷிப்ட் மூன்று மணிக்கு விடும் என்று காஜாக்காரி சொல்லியிருந்தாள். இரண்டு பஸ் மாறி, சல்லடை அந்தக் கம்பெனி கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்றடிக்க ஐந்து நிமிஷம். சங்கு ஊதியதும் திமுதிமுவென்று பெண்கள் வந்தார்கள். எல்லார் கையிலும் கண்ணாடிப் பை. எல்லார் தலையிலும் நூல் பிசிறு. ஒவ்வொரு முகமாகச் சலித்தாள். முந்நூறு பேராவது போயிருப்பார்கள். கடைசிக் கும்பலில் அந்தப் பெண் வந்தாள். நாலு நாளில் முகம் பாதியாகியிருந்தது.

சல்லடை ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். "அம்மா, நான்தான். கிளினிக்..."

அந்தப் பெண் கையை உதறினாள். "யாரு நீங்க?"

"செவ்வாய்க்கிழமை வந்தியே..."

"ஆள் தெரியாம பேசறீங்க. செவ்வாய்க்கிழமை எனக்குக் காய்ச்சல், வீட்டுல இருந்தேன்." சத்தமாக, பிசிறில்லாமல் சொன்னாள். செக்யூரிட்டிக்காரன் திரும்பிப் பார்த்தான். பக்கத்தில் நோட்டும் கையுமாக நின்ற சூப்பர்வைசரும் பார்த்தான்.

முதல் தடவையாகச் சல்லடைக்குப் புரிந்தது: இவள் கண்ணுக்கு இப்போது உளவாளி நான்தான். கம்பெனி அனுப்பிய ஆளோ, புருஷன் வீட்டு ஆளோ என்று நினைக்கிறாள். வாயைத் திறந்து இன்னும் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால், இவள் வேலையும் போகும், வீடும் போகும். சொந்தக்காரர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய பொய் தானாக வாயில் வந்தது.

"பல் டாக்டர்கிட்டேருந்து வரேன்மா. ஆள் மாறியிருந்தா மன்னிச்சுக்கோ. ஒருத்திக்குப் பல் பிடுங்கணும், இன்னிக்குத்தான் கடைசி. டாக்டர் ஆறு மணி வரைக்கும் இருக்காங்க. ஆறுக்கு மேல பிடுங்க முடியாது. அவளைப் பார்த்தா சொல்லிடு."

"எனக்கு யாரையும் தெரியாது" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் தோழிகளோடு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கிளினிக்குக்குத் திரும்பியபோது நாலரை. சனிக்கிழமை என்பதால் நர்ஸ் பெண் இரண்டு மணிக்கே போய்விட்டாள். சல்லடை மேசையில் பதிவேட்டை விரித்துவைத்து உட்கார்ந்தாள். ஐந்து மணி ஆயிற்று. ஐந்தேகால். கீழே மருந்துக்கடையில் யாரோ சிரித்தார்கள். மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டு எழுந்தாள். போட்டோ ஸ்டூடியோவோடு நின்றுவிட்டது. அப்போது சல்லடை அழுதாள். மேசைக்கடியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, யாருக்கும் கேட்காமல் அழுதாள்.

ஐந்து முப்பத்தைந்துக்கு அந்தப் பெண் வந்தாள். வாசலுக்கு வெளியிலேயே நின்றாள்.

"உள்ள நிஜமா டாக்டர் இருக்காங்களா?"

"இருக்காங்க."

"வெளிய வரச் சொல்லுங்க. பார்த்துட்டுத்தான் உள்ள வருவேன்."

டாக்டரம்மா வந்து கதவருகில் நின்றாள். அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். சுவரில் மாட்டியிருந்த உரிமத்தில் இருந்த போட்டோவையும் பார்த்தாள். பிறகு சல்லடையிடம் திரும்பினாள்.

"செவ்வாய்க்கிழமை இவங்க ஊர்ல இல்லன்னு சொன்னீங்களே. இருந்தாங்களா?"

பொய் சொல்ல ஆயிரம் வழி தெரிந்தவள் சல்லடை. "இருந்தாங்க" என்றாள்.

அந்தப் பெண் உள்ளே போனாள். ஸ்கேன் எண்பத்திரண்டு காட்டியது. அவள் சொன்ன தேதிப்படி எண்பத்து நாலு. சட்டத்துக்குள்தான். ஐந்து நாற்பத்தேழுக்கு டாக்டரம்மா படிவத்தை எடுத்தாள்; எடுத்தவள் அப்படியே நின்றாள். கீழே ஒரு கட்டம் இருந்தது. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் இவர் கேட்கிறார், இவர் சொல்வதை நான் உண்மை என்று நம்புகிறேன் என்று டாக்டர் அல்லாத ஒருவர் தன் கைப்பட எழுதி, பெயர், விலாசம், அடையாள எண் போட வேண்டும். நாளைக்கு ஏதாவது வில்லங்கம் என்றால் டாக்டரோடு சேர்ந்து உள்ளே போகிற கையெழுத்து அது. வழக்கமாக நர்ஸ் பெண் போடுவாள். இன்றைக்கு அந்த மாடியில் இருந்தது சல்லடை மட்டும்தான்.

"இவங்களா?" என்றாள் அந்தப் பெண். "இவங்க வேண்டாம்."

"வேற ஆள் இல்லம்மா. பத்து நிமிஷம்தான் இருக்கு" என்றாள் டாக்டரம்மா.

"கீழ மருந்துக்கடையில யாரையாவது..."

"அவங்ககிட்ட உன் பேரைச் சொல்லணும். பரவாயில்லையா?"

அந்தப் பெண் தலையை ஆட்டி மறுத்தாள். பிறகு சல்லடையின் முகத்துக்கு நேராகக் கேட்டாள். "என்னை நம்பறீங்களா நீங்க?"

நம்புகிறேன் என்று சொல்லியிருக்கலாம். நேரமோ ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அந்தப் பையில் போனின் விளக்கு ஒருமுறை மினுக்கியதைச் சல்லடையின் கண் பார்த்துவிட்டது. பாழாய்ப்போன கண். அது சும்மா மணி காட்டுகிற விளக்காக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

"முழுசா இல்லம்மா" என்றாள். "நான் யாரையும் முழுசா நம்பி ரெண்டு வருஷம் ஆச்சு. உன்னையும் இன்னும் சந்தேகமாத்தான் இருக்கு. ஆனா உன்னை நம்பி ஜெயிலுக்குப் போனாலும் போறேன். நம்பாம இன்னொரு தடவ அனுப்ப மாட்டேன்."

"எனக்கும் உங்க மேல நம்பிக்கை இல்ல."

"தெரியும்."

"அடையாள அட்டையைக் காட்டுங்க."

சல்லடை எடுத்து நீட்டினாள். பெயரை எழுதினாள். இந்த வேலையோடு சேர்த்து யாரும் பார்த்துவிடாதபடி இத்தனை வருடமாக மறைத்துவைத்திருந்த வீட்டு விலாசத்தை, கதவு எண்ணோடு, பின்கோடோடு எழுதினாள். இவர் சொல்வதை நான் உண்மை என்று நம்புகிறேன். அந்தப் பெண் அட்டையில் இருந்த எண்ணை ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்தாள். பிறகுதான் தன் கையெழுத்தைப் போட்டாள். டாக்டரம்மா கணினியில் ஏற்றியபோது ஐந்து ஐம்பத்தாறு.

முதல் மாத்திரையை டாக்டரம்மா தன் கையாலேயே கொடுத்தாள். திங்கட்கிழமை என்ன செய்ய வேண்டும், எது வந்தால் பயப்பட வேண்டும், எது வந்தால் பயப்பட வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னாள். கேட்டுக்கொண்டு வெளியே வந்த பெண், மேசை முன்னால் நின்று பையிலிருந்து டிபன் டப்பாவை எடுத்தாள். மூடிக்கு உள்பக்கம் ஒட்டிவைத்திருந்த ஒரு சின்னப் பொட்டலத்தைப் பிய்த்து மேசை மேல் வைத்தாள்.

"இதை எங்கயாவது போட்டுடுங்க. இனிமே எனக்கு வேண்டாம்."

சல்லடை பிரித்துப் பார்த்தாள். காய்ந்த வேர், கூடவே கொஞ்சம் கறுப்புப் பொடி. முகர்ந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. எண் போடாத வார்டில் பெண்களின் முந்தானை முடிச்சிலிருந்து இதை எத்தனை தடவை அவிழ்த்து எடுத்திருக்கிறாள்.

"இதை எப்ப வாங்கினே?"

"செவ்வாய்க்கிழமை" என்றாள் அந்தப் பெண். "இங்கேருந்து இறங்கிப் போனதும்."